உலகப் படத்தை விரித்துவைத்து நம் வரலாற்றைச் சொல்லித்தருவது

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஒரு வரி தெரியும். கோடிட்ட இடத்தில் ‘எம்டன்’ என்று நிரப்பினால் ஒரு மதிப்பெண். உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சம்பவத்துக்கு ஒரு நினைவுக் கல்லும் உண்டு.

சரி, அந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது? வகுப்பில் கேட்டால் ஜெர்மனியிலிருந்து என்றுதான் பதில் வரும். உலகப் படத்தை விரித்து, ஜெர்மனியிலிருந்து மதராஸுக்குக் கடல்வழியை விரலால் தொடரச் சொல்லுங்கள். சூயஸ் கால்வாய் வழியாக வர முடியாது, அது பிரிட்டன் கையில். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரலாம், ஆனால் நிலக்கரி ஏற்ற நிற்க வேண்டிய துறைமுகங்களில் பெரும்பாலானவை எதிரியுடையவை. பிள்ளைகள் இங்கே முழிப்பார்கள். அந்த முழிப்புதான் நமக்கு வேண்டும்.

எம்டன் வந்தது சீனாவிலிருந்து. சீனக் கடற்கரையில் சிங்தாவ் என்ற துறைமுகத்தை ஜெர்மனி 1898இல் குத்தகைக்கு வாங்கி, அங்கே ஒரு கப்பற்படையை வைத்திருந்தது. 1914இல் போர் மூண்டது. ஜப்பானும் பிரிட்டன் பக்கம் சாய்ந்ததால் அங்கே தங்க முடியாது என்று ஆயிற்று. படையின் பெரிய கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கா பக்கம் போக, எம்டன் மட்டும் தனியாகப் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. வங்கக் கடல் ஏன்? கல்கத்தா, கொழும்பு, சிங்கப்பூர் மூன்றையும் இணைக்கும் வணிகக் கப்பல்கள் போகும் பாதை அது. பிடித்த கப்பல்களிலிருந்தே எம்டன் நிலக்கரியும் எடுத்துக்கொண்டது. மதராஸ் ஏன்? துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் நின்றன. அவை பர்மா ஆயில் கம்பெனியுடையவை. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். கடைசியில், 1914 நவம்பரில், கடலடித் தந்திக் கம்பியை அறுக்கக் கொக்கோஸ் தீவுகளுக்குப் போன இடத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலிடம் எம்டன் மாட்டிக்கொண்டது.

ஒரு மதிப்பெண் கேள்வி சீனா, ஜப்பான், பர்மா, ஆஸ்திரேலியா வரை போய்விட்டது. மதராஸில் நடந்ததுதான். ஆனால் அதன் காரணங்களில் பெரும்பாலானவை மதராஸில் இல்லை.

உலகப் புவியியலோடு சேர்த்து நாட்டு வரலாற்றைச் சொல்லித்தருவது என்றால் இவ்வளவுதான். பாடத்தில் ஒரு நிகழ்ச்சி வரும்போது ‘யார், எப்போது’ என்பதோடு நிற்காமல் ‘எங்கே, ஏன் அங்கே’ என்று கேட்க வேண்டும். பதில் இந்தியப் படத்துக்குள் கிடைக்காவிட்டால் பெரிய படத்துக்குப் போக வேண்டும். நம் சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறு முன்னால் இருக்கும், புவியியல் பின்னால் இருக்கும். ஒரே அட்டைக்குள் இருந்தும் இரண்டும் முகம் பார்ப்பதில்லை. காற்றழுத்தம் ஒரு பருவத்தில், வாஸ்கோ ட காமா இன்னொரு பருவத்தில். இரண்டையும் சேர்க்கும் வேலை ஆசிரியருடையது, அல்லது வீட்டில் உட்கார்ந்து படிக்க வைக்கும் அம்மா அப்பாவுடையது.

காற்றிலிருந்து தொடங்கலாம்

முதல் பாடத்துக்கு நான் பருவக்காற்றைத்தான் சொல்வேன். காரணம், நம் பிள்ளைகள் அதை உடம்பால் அறிந்தவர்கள். ஜூன் மாதம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து மழை வரும் என்பது தெரியும். தெரியாதது, அந்தக் காற்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலக வணிகத்தின் கால அட்டவணையாக இருந்தது என்பது.

இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் வடக்கே ஆசியா என்ற மாபெரும் நிலம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. குளிர்காலத்தில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, காற்று திரும்பிக் கடலை நோக்கிப் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும் இந்தக் காற்று பாய்மரக் கப்பல்காரனுக்குக் காசில்லாமல் கிடைத்த இன்ஜின். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் புறப்பட்டால் செப்டம்பர் சமயம் சேர நாட்டு முசிறிக்கு வந்துவிடலாம். சரக்கு மாற்றிக்கொண்டு, காற்று திரும்பியபின் டிசம்பர் வாக்கில் ஊருக்குக் கிளம்பலாம். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. ரோமில் இருந்துகொண்டு பிளினி என்ற எழுத்தாளர், இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று புலம்பினார். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே வணிகத்தைப் பற்றி எழுதிவைத்தது இப்படி அபூர்வமாகத்தான் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லுங்கள்.

அப்புறம் வாஸ்கோ ட காமா. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அவர் வந்த வேகத்தையும் திரும்பிய வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்றைய கென்யாவில் உள்ள மலிந்தியில், வழி தெரிந்த ஒரு மாலுமியைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு ஏப்ரல் கடைசியில் புறப்பட்டார். சுமார் 23 நாளில் மலபார்க் கரை கண்ணில் பட்டது. திரும்பும்போது ஆகஸ்ட் முடிவதற்குள் கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். காற்று இன்னும் திரும்பவில்லை. அரபிக்கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. காய்கனி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து மாலுமிகள் சாகச் சாக, மிஞ்சியவர்களை வைத்து எல்லாக் கப்பல்களையும் ஓட்ட முடியாமல் ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். கடல் அதேதான், கப்பல்களும் அவையேதான். மாறியது மாதம் மட்டும்.

இதை வகுப்பில் செய்வது மிக எளிது. அரபிக்கடலின் வெற்றுப் படம் இரண்டு எடுத்து, ஒன்றில் ஜூலைக் காற்றையும் மற்றதில் ஜனவரிக் காற்றையும் அம்புக்குறியாகப் போடச் சொல்லுங்கள். ‘நீ கப்பல்காரன், எந்த மாதம் கிளம்புவாய், எந்த மாதம் திரும்புவாய்?’ என்று கேளுங்கள். அவர்கள் கணக்குப் போட்டு முடித்தபின் மட்டும் ட காமா கதையைச் சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும்.

கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, காற்று திரும்பும்வரை அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களுக்கு வீடு வேண்டும், தொழ இடம் வேண்டும், சிலருக்குக் கல்யாணமும் ஆகும். மலபார்க் கரையில் அரபு வணிகர்களின் வழிவந்த குடும்பங்கள் உருவானதிலும், நம் வணிகர்கள் தென்கிழக்காசியத் துறைமுகங்களில் நிலைகொண்டதிலும் இந்தக் காத்திருப்புக்கு ஒரு பங்கு உண்டு. மதம் பரவிய பாடத்துக்கும் இங்கிருந்தே போகலாம்.

போர்த்துகீசியரைப் பற்றி இன்னும் ஒன்றுதான். 1510இல் கோவா, 1511இல் மலாக்கா, 1515இல் ஹோர்முஸ். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் மூன்றையும் படத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மலாக்காவும் ஹோர்முஸும் கடலின் குறுகிய வாசல்கள், கோவா இடையில் உள்ள இருப்பு. நிலத்தைப் பிடிக்க அல்ல, வழியைப் பிடிக்கத்தான் அவர்கள் வந்தார்கள் என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அதே மலாக்கா நீரிணையில், அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு, 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது. சீனத்துக்குப் போகும் கப்பல்கள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதைப் பார்த்த பிறகு, ‘கடாரம் கொண்டான்’ வெறும் பட்டமாகத் தெரியாது.

அமெரிக்காவில் சண்டை, பூனாவில் தீ

பருவக்காற்று பழைய கதை என்றால், பருத்தி நவீன கதை. 1861இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை மறித்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு பெரும்பாலும் அந்தத் தெற்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஆலை நிற்கும் நிலை. உடனே எல்லார் பார்வையும் தக்காணத்தின் கரிசல் மண்மீது விழுந்தது.

விலை மளமளவென்று ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது, புதுப்புது கம்பெனிகள் முளைத்தன, பங்கு வாங்காதவன் ஏமாளி என்ற காலம். 1865இல் அமெரிக்கப் போர் முடிந்தது, விலை சரிந்தது, கம்பெனிகள் கவிழ்ந்தன. நகரத்துக் கதை இத்தோடு முடியும். கிராமத்துக் கதை நீண்டது. நல்ல விலை இருந்தபோது கடன் தாராளமாகக் கிடைத்தது. விலை போனபின் கடன் நின்றது, நிலவரியோ ஏறியது. 1875இல் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் விவசாயிகள் திரண்டு வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். தக்காணக் கலகம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதைப் படத்தில் வரைவது ஒரு அருமையான பயிற்சி. மிசிசிப்பிக் கரையிலிருந்து லிவர்பூலுக்கு ஒரு நூல், லிவர்பூலிலிருந்து பம்பாய்க்கு ஒரு நூல், பம்பாயிலிருந்து பூனாவுக்குச் சின்னதாக ஒன்று. முதல் நூலை வெட்டிவிட்டு மற்ற இரண்டும் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிறகு 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததைச் சொல்லி, இரண்டாவது நூலைச் சுமார் 7,000 கி.மீ. குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

தாது வருஷப் பஞ்சம்: படம் பதில் சொல்லாத கேள்வி

இந்த முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மலையும் கடலும் காற்றும்தான் காரணம் என்று பிள்ளைகள் நினைத்துவிடலாம். ‘இமயம் இருந்ததால் இந்தியா பாதுகாப்பாக இருந்தது’ என்பது போன்ற வாக்கியங்கள் அந்த வகை. இமயம் இருக்கத்தான் செய்தது, கைபர் கணவாய் வழியாகப் படைகள் வரத்தான் செய்தன. அதனால் ஒரு கட்டத்தில், புவியியல் எதுவரை பதில் சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காட்டியாக வேண்டும். அதற்கு 1876–78 பஞ்சத்தைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிக் கேட்டிருக்கலாம்.

1876இல் மதராஸ் மாகாணத்தில் மழை பொய்த்தது. ஏன்? இதற்கு விடை தேட நாம் போக வேண்டிய இடம் பெரு நாட்டுக் கடற்கரை. சாதாரண ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் மேல்பரப்பு வெந்நீரைக் காற்று மேற்கே, இந்தோனேசியா பக்கம் தள்ளி வைக்கிறது. அங்கே காற்று சூடாகி மேலே எழுந்து மழை கொட்டுகிறது. சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். வெந்நீர் கிழக்கே பெருப் பக்கம் நகரும். மேலெழும் காற்றும் அதோடு நகர்ந்துவிடுவதால் நம் பக்கத்துப் பருவமழை பெரும்பாலும் தளர்கிறது. எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதுதான். எல்லா எல் நினோ ஆண்டும் நமக்கு வறட்சி ஆண்டு அல்ல. ஆனால் 1877இல் வந்தது மிகக் கடுமையானது. உலகப் படத்தில் தென்னிந்தியா, வட சீனா, பிரேசிலின் வடகிழக்கு மூன்றையும் நிறம் தீட்டச் சொல்லுங்கள். மூன்றிலும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பஞ்சம். ஒரு ஊருக்கும் மற்ற ஊருக்கும் சம்பந்தமே இல்லை, கடல் ஒன்றைத் தவிர.

மழை ஏன் பெய்யவில்லை என்பதற்கு இது விடை. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏன் செத்தார்கள் என்பதற்கு இது விடை இல்லை. அதற்குப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அரசாங்கத்தைப் பார்க்க வேண்டும். 1877 ஜனவரி முதல் தேதி, தெற்கில் பஞ்சம் உச்சத்தை நோக்கிப் போகும்போது, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். நாட்டிலிருந்து கோதுமை ஏற்றுமதியானது நிற்கவில்லை. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது கொள்கை. நிவாரண வேலைக்கு வந்த ஆண் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட லிட்டன் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு! இது உயிர்வாழப் போதாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அப்படி நிவாரணக் கூலிகள் வெட்டியதுதான் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி. சென்னைப் பிள்ளைகளாக இருந்தால், இப்போது அது எப்படி இருக்கிறது என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ரயிலைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். தண்டவாளம் இருந்தால் தானியம் பஞ்சப் பகுதிக்கு வரும் என்று யாருக்கும் தோன்றும். வரும்தான், அங்கே வாங்கக் காசு இருந்தால். இல்லாவிட்டால் அதே தண்டவாளத்தில் தானியம் விலை கிடைக்கும் பக்கம் போய்விடும். வரைபடத்தில் ஒரு கோடு இருக்கிறது என்பது மட்டும் எதையும் சொல்லிவிடாது. அதில் எது, எந்தப் பக்கம் போனது, யார் முடிவு செய்தார்கள் என்பது வரலாறு.

இந்தப் பஞ்சத்திலிருந்து இரண்டு நூல்கள் வெளியே போகின்றன. ஒன்று, ஊரை விட்டுப் போனவர்கள். ஏற்கெனவே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் பஞ்சத்தில் பெருகியது. அங்கே காப்பிச் செடிக்கு 1869இலேயே இலைத்துரு நோய் வந்துவிட்டது. காப்பி அழிந்து தேயிலை வந்தது, நம்மவர்கள் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் ஆனார்கள். பஞ்சம் தொடங்கிய அதே 1876இல்தான் அமேசான் காட்டு ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து, நாற்றாக இலங்கைக்குக் கப்பலேறின. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் போயின. அடுத்த தலைமுறையில் மலாயாவின் ரப்பர் காடுகளில் பால் வெட்டியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மலையகமும் மலேசியாவும் பாடத்தில் வரும்போது ‘தமிழர்கள் குடியேறினர்’ என்று ஒரே வரியில் கடந்துவிடாமல், பிரேசில் விதைக்கும் தஞ்சாவூர்க் காலி வயிற்றுக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று, அறிவியல். மழை ஏன் பொய்க்கிறது என்று கண்டுபிடிக்க 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் உலகம் முழுவதிலுமிருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடலில் குறைகிறது, அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது என்று கண்டார். அதற்கும் பெருக் கடலின் வெந்நீருக்கும் உள்ள முடிச்சு 1960களில்தான் அவிழ்ந்தது. வாக்கர் அடிப்படையில் கணித ஆள். 1913இல் மதராஸ் வந்தபோது துறைமுக அலுவலகக் குமாஸ்தா ஒருவரின் நோட்டைப் பார்த்து, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குமாஸ்தா ராமானுஜன். பாடத்துக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

படத்தை நம்புவதற்கு முன்

தட்டையான உலகப் படம் ஏமாற்றும். பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வகைப் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் இந்தியாதான் பெரியது: இந்தியா சுமார் 33 லட்சம் சதுர கி.மீ., கிரீன்லாந்து சுமார் 22 லட்சம். தூரம் அளக்க வேண்டியிருந்தால் உலக உருண்டையில் நூல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பள்ளியில் உருண்டை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் அதை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை.

எல்லைக்கோடுகளும் அப்படித்தான். இன்றைய இந்தியப் படத்தின்மேல் சோழர் காலத்தையோ கம்பெனி காலத்தையோ வரையும்போது, அந்தக் கோடுகள் அப்போது இல்லை என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். செங்கடல் வாயில் உள்ள ஏடனும் பர்மாவும் 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஆட்சிக்குள் இருந்தன என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட நம்ப மாட்டார்கள். இரண்டையும் படத்தில் பார்த்த பிறகு, எம்டன் கொளுத்திய எண்ணெய் எப்படி ‘உள்நாட்டு’ எண்ணெய் என்பது புரியும்.

ஆறாம் ஏழாம் வகுப்புக்குப் பஞ்சம், பங்குச்சந்தை எல்லாம் வேண்டாம். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். மிளகாய் போதும். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் வழியாக வந்தது, அதற்குமுன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். எந்தக் கடல்களைக் கடந்து வந்தது என்று வரையட்டும். இல்லாவிட்டால் குதிரை. பாண்டியர்கள் ஏன் அரபு நாட்டுக் குதிரைகளைக் கப்பலில் இறக்குமதி செய்து கொட்டிக் கொடுத்தார்கள்? மார்க்கோ போலோ இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். நடு ஆசியாவின் புல்வெளியையும் நம் வெப்பத்தையும் ஒப்பிட்டாலே பாதி விடை வந்துவிடும்.

பெரிய வகுப்பென்றால் 1991ஐ எடுங்கள். அந்த ஆண்டு இந்தியா 47 டன் அளவு தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்தது, பிறகு பொருளாதாரக் கொள்கையே மாறியது. எண்பதுகளில் ஏறிய அரசாங்கக் கடன் அதற்கு ஒரு காரணம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது இன்னொரு காரணம். எண்ணெய் விலை, வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வரும் பணம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் திரும்பிய லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். குவைத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஊர் திரும்ப ஏன் ஜோர்டான் வரை தரைவழியே போக வேண்டியிருந்தது என்று படத்தைப் பார்த்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அந்தச் சமயத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டு, அட்லஸை அவர் கையில் கொடுத்து, வந்த வழியைக் காட்டச் சொல்லுங்கள்.